மூடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்

லகாட் வட்டாரத்துத் தாமான் வீடுகளின் பின்சந்தில் ஒரு மாலை நடந்து பாருங்கள். பல வீடுகளில் குசினியைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டியிருப்பார்கள். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். சில வீடுகளில் அங்கே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடும். சிலவற்றில் செங்கல் வரிசைகளைப் பின்பற்றி, படிக்கட்டுப் போல வெடிப்பு ஏறிச் செல்லும். வீட்டுக்காரர் சிமெண்டு பூசி மறைத்துவிடுவார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் அது மீண்டும் தெரியும்.

வெடிப்பு சுவரில் தெரிந்தாலும், அதற்கான காரணம் பெரும்பாலும் சுவருக்குக் கீழே இருக்கிறது. அங்கே என்ன மண் இருக்கிறது, கால் தூண் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, கம்பி சரியாகக் கட்டப்பட்டதா என்பதெல்லாம் வேலை நடந்த சில நாள்களில் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தவை. பிறகு மண்ணும் காங்கிரீட்டும் அவற்றை மூடிவிட்டன.

கட்டட அனுமதி என்றால் நம் வீடுகளில் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டணமும் காத்திருப்பும்தான். “நம் வீட்டில் நாம் கட்டுகிறோம், மன்றத்துக்கு என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பதில் ஒன்றே: கட்டடம் தன் குறைகளை மூடிக்கொண்டே வளர்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டமும் மூடப்படுவதற்கு முன், விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து, தம் பெயரில் கையெழுத்திட வேண்டும். அனுமதியும் ஆய்வும் அதற்காகத்தான். மற்ற ஊர்களைவிட நம் கிந்தா பள்ளத்தாக்குக்கு இது கூடுதலாகத் தேவை. ஏன் என்பதை மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

ஈயம் விட்டுச் சென்ற மண்

ஈப்போ, லகாட், மெங்கிளம்பு, பத்து காஜா எல்லாம் ஈயம் எடுத்த நிலம். பாடநூலில் இதை வெள்ளீயம் என்று படித்திருப்பீர்கள். லம்பத்தில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தக் குழம்பைப் பம்பால் மேலே ஏற்றி, ‘பாலோங்’ என்னும் நீண்ட மரத் தொட்டிச் சரிவில் ஓட விட்டார்கள். ஈயத் தாது நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு அடர்த்தி கொண்டது. சாதாரண மணல் 2.65 மடங்குதான். ஆகவே தாது தொட்டியிலேயே தங்கியது. மணலும் களிச்சேறும் வெளியே ஓடின.

வெளியே ஓடியதில்தான் நம் கதை இருக்கிறது. பெரிய மணல் துகள்கள் பாலோங் வாயருகிலேயே படிந்தன. நுண்ணிய களித் துகள்கள் வெகுதூரம் மிதந்து போய்த் தாழ்வான குட்டைகளில் மெல்ல அடங்கின. இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொல்லை மண்ணைக் கால் பங்கு போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் கீழே இறங்கிவிடும். களி அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். கிந்தா பள்ளத்தாக்கில் இதே சோதனை பல தலைமுறைகளாக, ஊர் அளவில் நடந்திருக்கிறது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயக்குட்டைகள் சில அப்படியே நிற்கின்றன. சில தூர்க்கப்பட்டு வீட்டு மனைகளாகிவிட்டன. இதனால் ஒரே மனையில் முன்பக்கம் மணலாகவும் பின்பக்கம் களிச்சேறாகவும் இருக்கக்கூடும். மணல் மேல் பாரம் ஏற்றினால் அது விரைவில் அமுங்கி நின்றுவிடும். களியில் நீர் வெளியேறுவது மிக மெதுவாக நடப்பதால், அது பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டின் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் இறங்கினால் சுவர் என்ன செய்யும்? பின்சந்தில் பார்த்த படிக்கட்டு வெடிப்பு அப்படி வருவதுதான். பழைய வீடு ஆழமான அடித்தளத்திலும், புதிய குசினி மேலோட்டமான அடித்தளத்திலும் நின்றாலும் இதே கதைதான்.

அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. தம்புன் பக்கத்துக் குகைகள் அப்படி உருவானவை. அதே வேலை தரைக்கு அடியிலும் நடக்கிறது. ஆகவே அங்கே பாறையின் மேற்பரப்பு சமமாக இராது. ஓர் இடத்தில் கூம்பாக உயர்ந்தும், பக்கத்திலேயே பள்ளமாக இறங்கியும், சில இடங்களில் உள்ளே வெற்றிடமாகவும் இருக்கும். வெற்றிடத்தின் கூரை தாங்காமல் போனால் மேலே உள்ள மண் திடீரென உள்வாங்கும். அதைத்தான் புதைகுழி என்கிறோம். பத்தடி தள்ளித் தோண்டிப் பார்த்துவிட்டு, “அங்கே பாறை தட்டியது, இங்கேயும் இருக்கும்” என்று இந்த ஊரில் யாரும் உறுதி கூற முடியாது.

அனுமதி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது என்கிறது. அதன் கீழ் 1984ஆம் ஆண்டுச் சீர்மைக் கட்டடத் துணைச்சட்டங்கள் அறையின் உயரம் முதல் தீத்தடுப்புச் சுவர் வரை அளவுகளைச் சொல்கின்றன. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் கவனிக்கிறது.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அவை வரிசையாகக் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்.

முதல் கேள்வி: இந்த இடத்தில் கட்டலாமா? தைப்பூசத்துக்கு ஈப்போ மக்கள் காவடி எடுத்துச் செல்லும் கல்லுமலைக் கோயில் குனோங் சீரோ என்னும் சுண்ணாம்புக் குன்றை ஒட்டி இருக்கிறது. 1973 அக்டோபர் 18ஆம் தேதி அதே குன்றின் ஒரு பகுதியில் பெரும் பாறைப் பாளம் பெயர்ந்து, அடிவாரத்திலிருந்த நீள வீட்டின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அந்த வீட்டை எவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தாலும் பயன் இருந்திராது. அங்கே தவறு, வீடு நின்ற இடத்தில் இருந்தது. அதனால்தான் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே இடத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: மண் எவ்வளவு தாங்கும்? சிறிய பணிகளுக்கு, முனையில் கூம்பு பொருத்திய இரும்புத் தண்டைத் தரையில் நிறுத்தி, 5 கிலோ சுத்தியலை ஒரே உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்வார்கள். தண்டு 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணிக் குறித்துக்கொண்டே போவார்கள். ஐந்தாறு அடியில் இறங்கினால் சேறு. எண்ணிக்கை கூடக் கூட மண் இறுகுகிறது என்று பொருள். பெரிய கட்டடங்களுக்குத் துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து எண்ணுவார்கள். பாறை வரை துளையிட்டு மாதிரியும் எடுப்பார்கள். வேலை எளியது, அதன் எண்கள் பல இலட்சம் ரிங்கிட்டைக் காப்பாற்றும்.

மூன்றாவது கேள்வி: வரைந்தபடி கட்டுகிறார்களா? இங்கேதான் கட்டம் கட்டமான ஆய்வு வருகிறது. மண் வேலை, மனையில் கோடு போடுதல், அடித்தளம், தூண் உத்திரங்கள், பிறகு குழாய், கழிவுநீர், மின்கம்பி, தீத்தடுப்பு எனப் பட்டியல் போகிறது. காங்கிரீட் ஊற்றுவதற்கு முந்திய காலையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கும் அடைப்புப் பலகைக்கும் இடையே சிறு சிமெண்டுக் கட்டிகளை வைத்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் கம்பி பலகையை ஒட்டிக்கொள்ளும். பலகையைக் கழற்றிய பின் பூச்சு அதை மறைத்துவிடும். காங்கிரீட்டின் காரத் தன்மைதான் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. போதிய மூடாக்கு இல்லாத கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்து, பருத்து, காங்கிரீட்டைப் பிளக்கும். காலையில் ஒருவர் அளவுகோலுடன் வந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். மாலைக்குள் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஊற்றும் காங்கிரீட்டும் அப்படித்தான். வேலை இலகுவாக இருக்க வேண்டும் என்று கூடுதல் நீர் சேர்த்தால், பிறகு அந்த நீர் வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும். அதனால் 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் காங்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கி, குவியல் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பார்கள். 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் இயந்திரத்தில் நசுக்குவார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய காங்கிரீட் என்றால், அந்தச் சிறு கட்டி சுமார் 57 டன் சுமையைத் தாங்க வேண்டும். அது பத்துக்கும் மேற்பட்ட யானைகளின் எடை. கண்ணால் பார்த்து இதைச் சொல்லிவிட முடியுமா?

பப்பானில் நடந்தது

“ஆய்வு என்பது வெறும் சம்பிரதாயம்” என்பவர்களுக்கு நம் வட்டாரமே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஓர் அரிய மண் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈய மணலோடு கிடைக்கும் மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து அரிய தனிமங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. மிஞ்சிய கழிவில் தோரியம் இருந்தது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதாவது, அதை வைக்கும் இடம் மனிதக் கணக்குக்கு எட்டாத காலத்துக்கு உறுதியாக இருக்க வேண்டும். அந்தக் கழிவுக்காக அருகிலுள்ள பப்பான் சிற்றூரின் பக்கத்தில் குழிகள் கட்டப்பட்டன.

1984இல் பப்பான் மக்கள் எதிர்த்து நின்றார்கள். கையொப்பம் திரட்டினார்கள், சாலையில் இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். குழிகள் பாதுகாப்பானவையா என்பதே அவர்களுடைய கேள்வி. அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் மூவர் குழு வந்து பார்த்தது. குழிகள் பாதுகாப்பற்றவை என்று அந்தக் குழு கூறியது. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் கழிவுக் கிடங்கை வேறிடத்துக்கு மாற்ற முடிவு செய்தது. 1985 ஜனவரியில் கிளேடாங் மலைத்தொடரில் புதிய இடம் அறிவிக்கப்பட்டது. ஆலையைப் பற்றிய வழக்கு தனியே நீண்டது. ஈப்போ உயர்நீதிமன்றம் 1992இல் ஆலையை மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் 1993 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

வழக்கின் சரி தவறுகளைத் தனியாகப் பேசலாம். நமக்கு இங்கே வேண்டியது ஒரு பாடம். குழிகளுக்குள் கழிவை இட்டு மூடுவதற்கு முன் ஆய்வு நடந்தது. மூடிய பின் நடந்திருந்தால் அதே ஆய்வுக்கு எவ்வளவு செலவும் ஆபத்தும் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆய்வு நடந்ததற்குக் காரணம், சாதாரண ஊர் மக்கள் கேள்வி கேட்டதுதான்.

முத்திரை மட்டும் போதாது

எதிர்ப்பக்கப் பாடமும் நம் நாட்டில் இருக்கிறது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் உயிரிழந்தார்கள். அது திருட்டுத்தனமாகக் கட்டிய குடிசை அன்று. 1970களில் மன்றத்தில் வரைபடம் கொடுத்து எழுப்பிய கட்டடம். பின்னால் இருந்த மலைச்சரிவின் வடிகால்கள் போதுமானவையாக இல்லை. தொடர் மழையில் நீர் மண்ணுக்குள் இறங்கியது, தடுப்புச் சுவர்கள் சரிந்தன, நகர்ந்த மண் அடித்தளத் தூண்களைப் பக்கவாட்டில் தள்ளியது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே அமைக்கப்பட்ட தூண்களால் அந்தத் தள்ளலைத் தாங்க முடியவில்லை.

வழக்கு முடிய ஆண்டுகள் பல ஆயின. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்தை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. கட்டட அனுமதி, ஆய்வு ஆகியவற்றின் தொடர்பில் ஊராட்சி மன்றங்களுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. மன்றத்தின் முத்திரை ஒரு காப்புறுதிப் பத்திரம் ஆகிவிடாது.

2007 ஏப்ரல் 12 முதல் நடைமுறை மாறியது. அதுவரை மன்றம் கொடுத்துவந்த குடியேறும் தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, ‘சி.சி.சி.’ என்று நாம் சொல்லும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் வந்தது. வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியியலாளர் அல்லது பதிவு பெற்ற கட்டட வரைவாளரே அதை வழங்குகிறார். அதற்கு முன் 21 படிவங்களில், ஒவ்வொரு கட்ட வேலையையும் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். மன்றம் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். குறை கண்டால் சான்றிதழை நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்பது பெயரோடு பதிவாகிறது. அதே வேளையில், கையெழுத்திடுபவர் உண்மையிலேயே குழிக்குள் எட்டிப் பார்த்தாரா என்பது அவருடைய மனச்சாட்சியையும் வீட்டுக்காரரின் விழிப்பையும் பொறுத்தது. 21 படிவங்களையும் மேசையில் உட்கார்ந்தே நிரப்பினால் நாம் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஏழை வீட்டுக்கு இது சுமையா?

சுமைதான், அதை மறுக்கக்கூடாது. தோட்ட லயத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பம், பிள்ளைகள் வளர்ந்ததும் ஓர் அறை கூட்ட நினைக்கிறது. வரைவாளருக்குக் கூலி, மன்றத்துக்குக் கட்டணம், பக்கத்து வீட்டாரின் சம்மதம் என்று வரிசையாகக் கேட்டால் மனம் சோர்ந்துவிடும். “என் ஆள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்” என்று ஒருவர் சொன்னால் மனம் அங்கே சாய்கிறது. கோயில் மண்டபமும் சங்கக் கட்டடமும் இப்படித்தான் எழுகின்றன. ஊர் கூடிக் காசு திரட்டி, கோத்தோங் ரோயோங் முறையில் கல் சுமந்து கட்டுகிறோம். அந்த உழைப்பு பெருமைக்குரியது. ஆனால் திருவிழா நாளில் அந்தக் கூரையின் கீழ் நிற்கப்போவது நூற்றுக்கணக்கானோர். அன்புக்காகத் தூண் கூடுதல் பாரம் தாங்கிவிடாது. பிறகு அனுமதியில்லை என்று மன்றம் இடிக்க வந்தால், ஊர் திரட்டிய காசும் மண்ணோடு போகும்.

ஆகவே சட்டத்தைத் தளர்த்துவது தீர்வாகாது. சட்டத்துக்குள் நுழையும் வாசலை அகலமாக்க வேண்டும். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தாமான்களில், பின்குசினி நீட்டிப்புக்கான ஆயத்த வரைபடத்தை மன்றமே குறைந்த விலைக்குத் தரலாம். பழைய ஈயக்குட்டைகள் எங்கெங்கே தூர்க்கப்பட்டன என்று காட்டும் வரைபடத்தை யாரும் பார்க்கும்படி வைக்கலாம். விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் சீனத்திலும் அச்சிடலாம். அப்படிச் செய்தால், “தெரியாமல் கட்டிவிட்டோம்” என்ற சொல்லுக்கு இடமே இராது.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. துணைச்சட்டங்களின்படி வகுப்பறையின் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கும், காற்று வரும் திறப்பு 10 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது. வீட்டு அறைகளுக்கு அவை முறையே 10, 5 விழுக்காடு. அளவு நாடாவை எடுத்து உங்கள் வகுப்பையும் படுக்கையறையையும் அளந்து கணக்கிடுங்கள். நீட்டிக் கட்டிய குசினியால் நடு அறையின் ஜன்னல் அடைபட்டிருந்தால், அந்தக் கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பாவோ மாமாவோ வீட்டில் கட்டுமான வேலை தொடங்கினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மனை முன்பு என்னவாக இருந்தது? வரைபடத்தில் யார் கையெழுத்திட்டார்? காங்கிரீட் ஊற்றும் முன் யார் வந்து பார்ப்பார்? “சின்னப் பிள்ளைக்கு எதற்கு இது?” என்று அதட்டல் வரலாம். வந்தால், கைப்பேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் மூடும் முன் படமெடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். பத்தாண்டுக்குப் பிறகு சுவரில் ஒரு வெடிப்பு தோன்றினால், சரிசெய்ய வரும் பொறியியலாளர் முதலில் கேட்பது அந்தப் படங்களையாகத்தான் இருக்கும்.